தாண்டாத நரம்பு

பிரேமாவதியின் இடது கைக்குச் சொந்தப் புத்தி என்று ஒன்று இருந்ததில்லை. வலது கை எதைச் செய்ததோ அதையே அதுவும் செய்யும். வலது கை பென்சிலைப் பிடித்து எழுதினால், மடியில் கிடக்கும் இடது கை விரல்களும் எதையோ பிடித்து எழுதுவது போலச் சுருண்டு அசையும். வலது கையால் சோற்றைப் பிசைந்தால் இடது கை காற்றைப் பிசையும். அவள் சொல்லி அது செய்வதில்லை. அவள் சொன்னால் நிற்பதும் இல்லை.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா இருளப்பனுக்கு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை. அம்மா பிச்சையம்மாள் பால்மரம் வெட்டினாள்; பால் வடிய மரப்பட்டையைக் கீறிவிடும் வேலை. தங்கை கோமளா பிறந்து, தவழ்ந்து, ஒரு கையால் கிலுகிலுப்பையை ஆட்டி மறு கையால் மூக்கைத் தேய்த்தபோதுதான், பெரியவளிடம் ஏதோ கோளாறு என்பது பிச்சையம்மாளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

தோட்டத்துப் பள்ளி வாத்தியார் அதைச் சேட்டை என்றார். கோயில் பூசாரி, வயிற்றிலேயே கரைந்துபோன இரட்டைப் பிள்ளை இடது கையில் குடியிருப்பதாகச் சொல்லி மந்திரித்த கயிறு கட்டினார். கயிறு கறுத்து அறுந்து விழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அப்பா மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அடித்தார். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொண்டு, இடது கை அசைந்த உடனே அதன் முட்டியின் மேல் பிரம்பால் ஒன்று வைப்பார். கோமளா தட்டை உடைத்தாலும் பொய் சொன்னாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர், அந்த ஒரு கையிடம் மட்டும் எதிரியிடம் நடந்துகொள்வதைப் போல நடந்துகொண்டார். பிரேமாவதி பாதிச் சோற்றில் எழுந்து போவதும், அம்மா பின்வாசலில் வைத்து மீதியை ஊட்டிவிடுவதும் அந்த வீட்டில் வழக்கமாகிப்போனது.

பள்ளியை விட்டதும் அம்மாவோடு மரம் வெட்டப் போனாள். உளியை இரண்டு கைகளாலும் பிடிப்பதால் வெட்டுவதில் அவ்வளவு சிரமமில்லை. பால் எடுக்கும்போதுதான் தொல்லை. இடது கையால் பால் வடிந்த மங்குக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து வலது கை விரலால் பாலை வழித்து வாளியில் விட வேண்டும். வலது விரல்கள் வழிக்கத் தொடங்கியதும் இடது விரல்களும் விரிந்து வழிக்கப் பார்க்கும். மங்கு நழுவிவிடும். மரத்தடி எல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டு, "பாலு வாளிக்கா, மண்ணுக்கா?" என்று மரநிரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பிறகு அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே தோட்டத்திலேயே வயதான பெண்கள்தான் இருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் பிறையில் புதிது புதிதாகப் பேக்டரிகள் திறந்தபோது, கூலிமிலிருந்து கம்பெனி பஸ்கள் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. பிரேமாவதியும் போனாள். முதலில் உட்காரவைத்த இடத்தில் ஒரு கையால் இடுக்கியில் சிறு கம்பியைப் பிடித்து மறு கையால் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. அதில் தோற்று, பெட்டி அடைக்கும் பிரிவுக்குத் தள்ளப்பட்டாள். அட்டைப் பெட்டியின் இரண்டு மடிப்புகளையும் ஒரே சமயத்தில் அழுத்தி மூட வேண்டிய வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாக இடது கை அவளுக்கு ஒத்தாசை செய்தது. அங்கேதான் அகத்தா சிநேகிதியானாள். கூலிமில் மாதா கோயிலுக்குப் பின்னால் அகத்தாவின் வீடு. அதில் ஓர் அறையில் பிரேமாவதி தங்கிக்கொண்டாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் கூலிமில்தான். மனோகரன் லோரி ஓட்டினான். அப்பா செத்துப்போய், அம்மா ராக்காயி வளர்த்த பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று பிச்சையம்மாள் மகளின் கையில் காப்பித் தட்டைக் கொடுக்கவில்லை. கோமளாவைக் கொடுக்கச் சொன்னாள். பிரேமாவதி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் கோர்த்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அடக்கமான பெண் என்று ராக்காயிக்குப் பிடித்துப்போனது.

அகத்தாவுக்கு இது பொறுக்கவில்லை.

"கல்யாணத்துக்குப் பொறவு எத்தன நாளைக்கு முந்தானைக்குள்ளயே வெச்சிருப்ப? என் சித்தப்பா மகன் வால்டர் பினாங்குல நரம்பு டாக்டர்லா. ஒருக்கா வந்து காட்டு."

டாக்டர் வால்டர் அவளை ஒரு மேசையின் முன் உட்காரவைத்து, வலது கை விரல்களைப் பெருவிரலோடு ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். இடது கையும் தொட்டது. இடது கையால் செய்யச் சொன்னார். வலது கையும் செய்தது. அவர் ஆச்சரியப்படவுமில்லை, சிரிக்கவுமில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"பேயி இல்ல, சேட்டையும் இல்ல. புள்ள வயித்துல இருக்கிறப்போ மூளையிலேருந்து நரம்பு முளைச்சுக் கீழ எறங்கும். ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு நுனி இருக்கு." அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் படம் ஒன்றைக் காட்டினார். நீண்ட நூலின் முடிவில் விரித்த உள்ளங்கை போல ஒன்று. அதிலிருந்து மயிரிழை போன்ற விரல்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. "இது கண்ணு தெரியாதவங்க தடவித் தடவிப் போற மாதிரி போகும். போற வழியில சில எடம் வான்னு இழுக்கும், சில எடம் வராதேன்னு தள்ளும். அது எப்படின்னு இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல. ஆராய்ச்சி நடக்குது. ஆனா போய்ச் சேர வேண்டிய எடத்துக்குச் சரியாப் போயிரும்."

"எனக்கு மட்டும் சேரலையா டாக்டர்?"

"மூளையோட இடது பக்கம் வலது கைய ஆட்டுது. அதுக்கு நரம்பெல்லாம் கழுத்துக்கு மேல ஒரு எடத்துல அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் தாண்டணும். உங்களுக்குக் கொஞ்சம் நுனிங்க தாண்டாம, நேரா அதே பக்கமே கீழ போயிருக்கும்னு நெனைக்கிறோம். அதனால வலது கைக்குச் சொல்ற சேதி இடது கைக்கும் போயிருது."

பிரேமாவதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் திறப்பதற்கு முன்னால், பெயர் வைப்பதற்கு முன்னால், நூலிழைக்கும் மெல்லிய ஏதோ ஒன்று ஒரு திருப்பத்தில் தயங்கி நேரே போய்விட்டிருக்கிறது. அதற்காகத்தான் அத்தனை பிரம்படியும்.

"இப்போ திருப்பி வளர வைக்க முடியாதா?"

"முடியாதும்மா. வழி தேடுற காலம் அப்பவே முடிஞ்சிருச்சு." அவர் புத்தகத்தை மூடினார். "இது சில குடும்பத்துல பரம்பரையா வரும். வீட்ல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"அப்பா அம்மாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்."

பிச்சையம்மாளுக்குக் காய்ச்சல் என்பதால் இருளப்பன் மட்டும் வந்தார். கல்யாணத்துக்கு முன் மகளுக்கு மருந்து ஏதாவது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் வந்தார். எப்போதும் போல இடது கை, தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் பேச்சுவாக்கில், "வலது கையால மேசைய லேசாத் தட்டுங்க ஐயா, வேகமா" என்றார். அவர் யோசிக்காமல் தட்டினார். துண்டைப் பிடித்த விரல்கள் துண்டுக்குள் தட்டின.

பிரேமாவதி அதைப் பார்த்தாள். இருளப்பன், அவள் பார்ப்பதைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"உங்களுக்கும் இருக்கு ஐயா. கொஞ்சமாத்தான் இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர்.

இருளப்பன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் பெர்ரிப் படகில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றார். பக்கத்தில் சீனக் குடும்பம் ஒன்று பிள்ளைக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தது. பிரேமாவதிக்கு இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. அப்பா ஏன் மரம் வெட்டப் போகாமல், ஷீட்டு தொங்கும் கம்பை இரண்டு கைகளாலும் தூக்கி மாட்டுகிற வேலையிலேயே கிடந்தார், யார் வீட்டிலும் ஏன் சாப்பிட உட்காரமாட்டார், எல்லாம்.

"தெரிஞ்சேதான் அடிச்சீங்களாப்பா?"

"தெரிஞ்சதுனாலதான் அடிச்சேன்." அவர் திரும்பவில்லை. "என் அப்பன் அடிச்சு அடிச்சுத்தான் எனக்கு அடங்குச்சு. இல்லன்னா உங்காத்தாள எனக்குக் குடுத்திருப்பாங்களா?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. பெர்ரியிலேருந்து எறங்குனா இந்தப் பேச்சு இல்ல."

அவள் இறங்கினாள். ஆனால் பேச்சை அங்கே விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. ஒரு பிள்ளை பிறந்து, அது சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, அதன் முட்டியைப் பார்த்து யாரோ பிரம்பை ஓங்குவது போலவே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மனோகரனிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். அப்பாவைப் பற்றி மூச்சுவிடக்கூடாது. தன்னைப் பற்றி மட்டும் சொல்வது.

கூலிம் பாசார் பக்கம் ஓர் ஐஸ் கச்சாங் கடையில், அகத்தா துணைக்கு உட்கார்ந்திருக்க, மனோகரனுக்கு எதிரில் இரண்டு கைகளையும் மேசையின் மேல் எடுத்துவைத்தாள். வலது கையால் கரண்டியைப் பிடித்து ஐஸைக் கிளறினாள். இடது கை, கரண்டி இல்லாமலே கிளறியது.

மனோகரன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பில்லை. "இதுக்கா இப்பிடிப் பயந்த? வேடிக்கையாத்தான் இருக்கு லா."

"பொறக்கிற புள்ளைக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு."

அவன் ஐஸைப் பார்த்தான். அது சிவப்புத் தண்ணீராகிக்கொண்டிருந்தது. "பரவால்ல, பாத்துக்கலாம்," என்றான். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். அவளும் ஆட்டினாள். அன்று இரண்டு கைகளும் ஆடியதற்கு அவள் வெட்கப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அகத்தாவிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

மகன் சொல்லிக் கேட்டு, அடுத்த வாரமே ராக்காயி தோட்டத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. காப்பி குடித்தாள். பிறகு, "மூத்தது வேணாம். சின்னதக் குடுங்க. நாள மாத்த வேணாம், மண்டபம் சொல்லியாச்சு," என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. இது பரம்பரை வியாதி இல்லை என்று பெண்ணின் அப்பா கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

இருளப்பன் அணைத்தார். வலது கையால் எரியும் கற்பூரத்தை அடித்தார். இடது கை துண்டோடு இடுப்பில் அழுந்திக் கிடந்தது. பெரியவளுக்குக் குழந்தையில் வந்த விஷக் காய்ச்சலில் அப்படி ஆகிவிட்டது என்று பூசாரி முன்னால் சொன்னார். பிரேமாவதி அதைக் கேள்விப்பட்டபோது பேக்டரியில் பெட்டி மூடிக்கொண்டிருந்தாள்.

கோமளா கூலிமுக்கு வந்து அவள் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"நா கேக்கலக்கா. அவங்களாத்தான் கேட்டாங்க."

"புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதான?"

கோமளா அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள். "எனக்குப் புடிச்சிருக்கே," என்றாள்.

கல்யாணத்துக்கு பிரேமாவதி போனாள். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனதற்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அப்புறம் அவளுக்கு வேறு இடம் பார்க்கவே இல்லை. பார்ப்பதாகச் சொன்ன தரகர், ராக்காயி வீட்டுக் கதையைக் கேட்டபின் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் பெட்டி அடைத்தாள். அகத்தாவோடு சேர்ந்து பேக்டரி மாறினாலும் பெட்டி மாறவில்லை.

கோமளாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கோகுலன் என்று பெயர். குழந்தைக்கு ஒரு வயது தாண்டும்வரை யாரும் எதையும் கவனிக்கவில்லை. கரண்டி பிடிக்க ஆரம்பித்தபோது ராக்காயிதான் முதலில் கவனித்தாள். வலது கையில் கரண்டி. இடது கையில் கரண்டி இல்லாத கரண்டி.

பிரேமாவதி சேதி கேட்ட அன்றே டாக்டர் வால்டரிடம் போனாள். அவர் ஆச்சரியப்படவில்லை. சில பேருக்கு உள்ளே இருந்தும் வெளியே தெரியாது, அடுத்த தலைமுறையில் தலை காட்டும் என்றார். பையனுக்கு உடம்பில் வேறு குறை ஒன்றுமில்லை, அடிக்காமல் திட்டாமல் வளர்த்தால் நன்றாகவே வளர்வான், அழைத்து வாருங்கள் என்றார். அதைச் சொல்லத்தான் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். வாசல் கேட்டைத் திறக்காமலேயே கோமளா பேசினாள்.

"நீ அடிக்கடி வந்து தூக்குனதுனாலதான் இப்பிடின்னு அத்த சொல்றாங்க. கொஞ்ச நாளைக்கு வராதக்கா."

"கோமளா, இது ரத்தத்துல வர்றது. அப்பாவுக்கும் இருக்கு."

"அப்பா கற்பூரம் அடிச்சிருக்காருக்கா."

"பொய்யடிச்சாரு."

கோமளா கேட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் ஒரு வாழ்க்க கெடைச்சிருக்கு. அதயும் ஒடைக்கணுமா?"

உள்ளே யாரோ எதையோ அடிக்கும் சத்தமும் பையனின் அழுகையும் கேட்டன. கோமளா உள்ளே ஓடினாள்.

அந்த அழுகைதான் பிரேமாவதியைக் காதுகுத்துக்குக் கூப்பிடாமலேயே போகவைத்தது. எண்பத்தாறாம் வருஷத்துத் தைமாதம். முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, சொந்தம் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பையன் மொட்டையடித்து, சந்தனம் பூசி, தாத்தா இருளப்பனின் மடியில் இருந்தான். அவன் இடது கை முட்டியில் கன்றிப்போன கோடுகள் கிடந்தன. பழையதும் புதியதுமாக.

"யாரு அடிச்சது?" என்று கேட்டாள். ராக்காயி எழுந்து, "நல்ல காரியத்துல வந்து நிக்காத தாயி. இருக்கிறது போதும்," என்றாள்.

பிரேமாவதியின் குரல் அவளுக்கே தெரியாத அளவு உரத்து வந்தது. "நா கண்ணு வெச்சு வரல. பேயும் இல்ல. எங்கப்பாவோட கையத் துண்டுலேருந்து வெளிய எடுக்கச் சொல்லுங்க. வலது கைய மூடித் தொறக்கச் சொல்லுங்க. இடது கை என்னா செய்யுதுன்னு எல்லாரும் பாருங்க!"

மனோகரன் தலையைக் குனிந்துகொண்டான். பிச்சையம்மாள் சமையல் பக்கத்து வாசலில் நின்று, "வேணாம்டி, வேணாம்டி" என்று முணுமுணுத்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்பது அந்த முணுமுணுப்பில் பிரேமாவதிக்குப் புரிந்தது. எத்தனை வருஷமாகத் தெரியுமோ.

இருளப்பன் பதறவில்லை. பையனை இறக்கிவிட்டார். துண்டை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டார். இடது கையை எல்லோரும் பார்க்கும்படி தொடையின் மேல் விரித்துவைத்தார். வலது கையைத் தூக்கி மூடினார், திறந்தார். மூடினார், திறந்தார்.

இடது கை அசையவில்லை.

நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கின் பக்கமாக வழிந்தது. மணிக்கட்டுக்கு மேல் நரம்பு இரண்டு கயிறு போலப் புடைத்து நின்றதும், விரல் நுனிகள் வேட்டிக்குள் புதைந்து வெளுத்துப்போயிருந்ததும் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தன. மற்றவர்களுக்கு அது ஒரு கிழவனின் அசையாத கை. அவ்வளவுதான்.

"பாத்தாச்சா?" என்றாள் ராக்காயி, எல்லோரையும் பார்த்து. "பெத்த தகப்பன சபையில வெச்சு இப்பிடிச் சோதிக்கிறாளே, இவளோட கண்ணு எப்பிடிப்பட்ட கண்ணா இருக்கும்!"

கோமளா பையனை அள்ளித் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாரும் பிரேமாவதியைத் தள்ளவில்லை. அவளே வெளியே போனாள்.

பஸ் நிற்கும் இடத்தில் வெயில் கொதித்தது. அவள் வந்து நின்ற சிறிது நேரத்தில் இருளப்பன் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நொடி நினைத்தாள். அவர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். இடது கை தோளிலிருந்து நுனிவரை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது வெட்கமும் இல்லை. பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தவனின் முகம்.

"பாத்தியா? கொஞ்சங்கூட அசையல," என்றார். "இத்தன வயசாகியும்."

அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"பழக்குனா நிக்கும். டாக்டருக்கு என்னா தெரியும்? பையன நா பாத்துக்கிறேன், நீ கவலப்படாத. சம்மந்திகிட்ட சொல்லிட்டேன். சனி ஞாயிறு நானே வந்து பழக்கிவிடுறேன்."

"எப்பிடிப் பழக்குவீங்க?"

"எங்கப்பன் என்னைய பழக்குன மாதிரிதான்."

"என்னையும்தான் பழக்குனீங்க. நின்னுச்சா?"

இருளப்பன் அவளுடைய கைகளைப் பார்த்தார். அவர் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. கிட்டத்தட்டப் பாசமாகவே இருந்தது.

"நீ பொம்பளப் புள்ள. பாவமேன்னு பாதியில விட்டுட்டேன். அதான் தப்பாப் போச்சு."

பஸ் வந்தது. அவள் ஏறினாள்.

மறுநாள் பேக்டரியில் அகத்தா, "காதுகுத்து எப்பிடி நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"பையன் ரொம்ப அழுதான்," என்று சொல்லிவிட்டு, பிரேமாவதி அடுத்த பெட்டியை இழுத்தாள்.